உரைத்துப் பார்க்கும் விசுவாசம்

ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டு நெசவு கையின் தொழில் மட்டுமன்று. கண்ணின் தொழிலும் ஆகும். தேசூரில் தறியில் அமரும் நெசவாளர் ஒருவர் கைக்கு ஜரிகை வந்து சேர்ந்தால், அதன் பளபளப்பைக் கண்டு அவர் மயங்கிவிடுவதில்லை. மேற்பூச்சைச் சற்றே சுரண்டி, உள்ளே சிவந்த பட்டிழை தெரிகிறதா என்று பார்க்கிறார். பட்டு நூலில் ஐயம் எழுந்தால் ஓர் இழையைச் சுடரில் காட்டி, முடி கருகும் நாற்றம் எழுகிறதா, சாம்பல் விரலிடையே பொடிகிறதா என்று சோதிக்கிறார். கொண்டுவந்தவர் உறவினராயினும் சோதனை நிற்பதில்லை. அதை அவமதிப்பாக எவரும் கொள்வதுமில்லை. சோதனைக்கு அஞ்சும் சரக்கு நல்ல சரக்கன்று என்பது தொழில் தெரிந்தவர் அனைவரும் அறிந்த உண்மை.

நூலுக்குக் காட்டும் இந்த விழிப்பை, நோய்க்கு மருந்து என்று நம்மிடம் நீட்டப்படும் பொருள்களுக்கு நாம் காட்டுகிறோமா? வீட்டில் ஒருவருக்குத் தீராத நோய் வந்துவிட்டால், "முழுமையாகக் குணப்படுத்துகிறோம்" என்னும் ஒரு சொல்லுக்காகத் தறியையும் நகையையும் விற்கத் துணிகிறோம். கேள்வி கேட்டால் நம்பிக்கைக் குறைவாகுமோ என்றும் தயங்குகிறோம். இத்தயக்கம் சரிதானா என்பதை, ஒரு குறிப்பிட்ட நோயின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது நமக்குப் பயன்தரும். அந்நோய் மல்டிப்பிள் ஸ்க்ளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய். நம் நாட்டில் இது அரிதாகக் காணப்படுவது. ஆயினும் பொய்ச் சிகிச்சைகள் எவ்வாறு பிறக்கின்றன, ஏன் நிலைக்கின்றன என்பதை இதைப்போல் தெளிவாகக் காட்டும் நோய் வேறில்லை.

மேலுறை அழியும் நோய்

ஜரிகையின் அமைப்பை அறிந்தவர்க்கு இந்நோயைப் புரிந்துகொள்வது எளிது. நடுவே பட்டிழை, அதைச் சுற்றி வெள்ளி இழை, அதன்மேல் பொன் முலாம். நம் மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளுக்கும் இவ்வாறே ஒரு மேலுறை உண்டு. மயலின் எனப்படும் அவ்வுறை இருக்கும்வரை மூளையின் கட்டளை விரைந்தோடிக் கைகால்களைச் சேர்கிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே திசைமாறி இவ்வுறையைத் தாக்கி அழிப்பதே இந்நோய். தாக்கப்பட்ட இடங்கள் பின்னர் மரத்துத் தழும்பேறுகின்றன. தழும்பு எங்கே விழுகிறதோ அதற்கேற்பக் கண் மங்கலாம், கை மரத்துப்போகலாம், தறியின் மிதியை மிதிக்கும் கால் தடுமாறலாம், சொல்லொணாச் சோர்வு உடலைக் கவ்வலாம்.

2020இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாகக் கூறியது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. குடும்பம் அமைந்து, பிள்ளைகள் சிறியவர்களாய் இருக்கும் பருவம் அது. நம்பிக்கை வாணிகம் செய்வோர்க்கு அதனினும் எளிதான இலக்கு வேறெது?

சீதாமில் ஓர் ஏழை மகள்

இந்நோயின் வரலாற்றை எழுதுவோர் பலர், நம் திருச்சபையின் புனிதை ஒருவரிடமிருந்து தொடங்குகின்றனர். ஹாலந்து நாட்டின் சீதாம் நகரில் 1380இல் பிறந்த புனித லிட்வினா, தம் பதினைந்தாம் வயதில் பனிக்கட்டியின்மீது சறுக்கி விளையாடுகையில் விழுந்து விலா எலும்பை முறித்துக்கொண்டார். அதன்பின் நடை தளர்ந்தது, கண்ணொளி குறைந்தது, கைகால்கள் செயலிழந்தன. இடையிடையே சற்றுத் தணிந்தும் மீண்டும் முற்றியும் வந்த அத்துன்பத்தோடு 1433இல் இறக்கும்வரை அவர் வாழ்ந்தார். அவரது நோய் தண்டுவட மரப்புதான் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின் அதை உறுதியாக நிறுவ இயலாது. திருத்தந்தை 13ஆம் லெயோ 1890இல் அவரது புனித நிலையை உறுதிசெய்தார். அவரது வரலாற்றை எழுதியவர்களுள் ஒருவர், நம் முன்னோர் இல்லந்தோறும் போற்றிய 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' நூலின் ஆசிரியராகிய கெம்பிஸ் தோமாஸ் ஆவார்.

லிட்வினாவின் வரலாற்றில் நாம் நின்று கவனிக்க வேண்டிய ஒரு மனிதர் உண்டு. கோட்ஃப்ரீட் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் அவரைப் பார்க்க வந்தார். பெயர் அறியாத அந்நோயை ஆராய்ந்தபின், இதைக் குணப்படுத்தும் மருந்து தம்மிடம் இல்லை என்றும், பண்டைய பேராசான்களாகிய ஹிப்போகிரட்டீசும் காலேனும் வந்தாலும் உதவ இயலாது என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னதாக வரலாறு கூறுகிறது. ஏழைத் தந்தையிடம் பொய் நம்பிக்கையை விற்றுப் பொருளீட்டியிருக்க அவரால் முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. "என்னிடம் இல்லை" என்று சொல்லத் துணிந்த அந்த நேர்மை, மருத்துவ வரலாற்றில் எந்தக் கண்டுபிடிப்புக்கும் குறைந்ததன்று.

தானே தணியும் நோயின் தந்திரம்

ஐயத்துக்கு இடமின்றி இந்நோயாளி என்று கொள்ளத்தக்க முதல் மனிதர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரர் அகஸ்டஸ் டெஸ்டே. 1794 முதல் 1848 வரை வாழ்ந்தவர். 1822 டிசம்பரில், அன்பர் ஒருவரின் அடக்கச் சடங்கில் கலந்துகொண்டபின், கடிதங்களைப் படிக்க இயலாதவாறு தம் பார்வை மங்கியதை அவர் நாட்குறிப்பில் பதிந்தார். தொடர்ந்து அவர் எழுதிய செய்தி மிக முக்கியமானது: கண்ணுக்கு எந்தச் சிகிச்சையும் செய்யாமலேயே சில காலத்தில் பார்வை முழுமையாகத் திரும்பியது.

இதுவே இந்நோயின் இயல்பு. பெரும்பாலோரிடம் தொடக்க ஆண்டுகளில் இது தாக்கும். சில வாரங்களில் தானே தணியும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் தாக்கும். டெஸ்டேயின் பார்வை மங்கிய வாரத்தில் ஒருவர் வந்து ஏதேனும் ஒரு தைலத்தைக் கண்ணில் இட்டிருந்தால், அத்தைலம் உலகப் புகழ் பெற்றிருக்கும் அல்லவா? நோய் தணிந்தது இயற்கையால்; பெயர் பெற்றிருப்பது தைலம். அத்தைலத்தை இட்டவர் வஞ்சகராய் இருக்க வேண்டியதுகூட இல்லை. அவரும் உண்மையாகவே நம்பியிருப்பார். குணமடைந்தவரும் உண்மையாகவே சான்று பகர்ந்திருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை; ஆயினும் இருவரும் சொன்னது உண்மையன்று.

டெஸ்டே அரச குடும்பத்தவர். சிறந்த மருத்துவரை அழைக்க அவரிடம் பொருள் இருந்தது. 1827இல் ஃபிளாரன்ஸ் நகரில் பார்வை இரட்டையாகி, கால்கள் வலுவிழந்தபோது, நாளுக்கு இருமுறை மாட்டிறைச்சி உண்ணச் சொன்னார் ஒரு மருத்துவர். பின்னர் மருந்து நீராடல், உடலைத் தேய்த்துவிடுதல், உலோகம் கலந்த மருந்துகள், மின்சாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. ஒவ்வொன்றின் பின்னும் சிறிது நம்பிக்கை, பிறகு சரிவு. ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீண்ட அந்நாட்குறிப்பு, ஒரு நோயின் வரலாறு மட்டுமன்று. நம்பி நம்பிக் களைத்த ஓர் உள்ளத்தின் வரலாறும் ஆகும்.

1868இல் பாரிசு நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான்-மார்ட்டின் ஷார்க்கோ என்னும் பேராசிரியர் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்துப் பெயரிட்டார். அவரும் பொன் உப்பு, வெள்ளி உப்பு, எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்தார். குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. பொன்னும் வெள்ளியும் ஜரிகைக்கு உறையாகலாம், நரம்புக்கு ஆகவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் இவ்வரிசை நீண்டது. அழுத்தமூட்டிய ஆக்சிஜன் அறையில் நோயாளியை வைத்தால் நலமாகும் என்றனர். 1983இல் வந்த ஒரு சிற்றாய்வு நம்பிக்கையூட்டியது. தொடர்ந்து நடந்த பல ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. தேனீக்களைக் கொட்டவிட்டால் நரம்பு உயிர்பெறும் என்றனர். நெதர்லாந்தில் 26 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான சோதனையில் எப்பயனும் தென்படவில்லை. கொட்டுவாங்கிய வலி மட்டுமே மிச்சம்.

அன்பும் சோதனைக்கு உட்பட்டதே

நம் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்னும் ஆழமாகச் சிந்திக்கத் தூண்டுவது. இத்தாலியின் ஃபெராரா நகரைச் சேர்ந்த இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் பாவுலோ சம்போனி. அவருடைய மனைவிக்கு இந்நோய் வந்தது. மனைவியின் துயரைக் கண்ட கணவர், காரணம் தேடி ஆய்வில் இறங்கினார். மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் கழுத்துச் சிரைகள் குறுகியிருப்பதே நோய்க்குக் காரணம் என்று 2009இல் அறிவித்தார். அச்சிரைகளைச் சிறு பலூன் கொண்டு விரித்தால் நோயாளிகள் நலமடைகிறார்கள் என்று 65 பேரின் அனுபவத்தையும் வெளியிட்டார்.

செய்தி உலகெங்கும் பரவியது. குறிப்பாகக் கனடா நாட்டில் நோயாளிகள் இச்சிகிச்சையைக் கோரிக் குரலெழுப்பினர். சொந்த நாட்டில் கிடைக்காததால் போலந்து, கோஸ்ட்டா ரிக்கா, மெக்சிகோ ஆகிய நாடுகளுக்கும், நம் இந்தியாவின் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றுக்கும் பெரும் பொருள் செலவிட்டுப் பறந்தனர். சக்கர நாற்காலியில் சென்றவர் நடந்து திரும்பினார் என்னும் சான்றுகள் பெருகின. சிகிச்சையின் விளைவாக உயிரிழந்தோரும் உண்டு. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது.

அறிவியலாளர் இரு கேள்விகளைக் கேட்டனர். முதலாவது, சிரை குறுகியிருப்பது நோயாளிகளிடம் மட்டுந்தானா? கனடா ஆய்வாளர்கள் நோயாளிகளையும், அவர்தம் உடன்பிறந்தோரையும், தொடர்பில்லாத நலமானோரையும் ஒப்பிட்டு 2013இல் விடை தந்தனர்: நோயாளிகளில் 74 விழுக்காட்டினரிடமும், உடன்பிறந்தோரில் 66 விழுக்காட்டினரிடமும், நலமானோரில் 70 விழுக்காட்டினரிடமும் குறுக்கம் காணப்பட்டது. அதாவது, அது நோயின் அடையாளமே அன்று. இரண்டாவது, சிரையை விரிப்பதால் பயன் உண்டா? இதற்கு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சிரையை விரித்தனர். மறுபிரிவினருக்கு விரிப்பதுபோலப் பாவனை மட்டும் செய்தனர். யாருக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது. விளைவை அளப்பவருக்கும் தெரியாது. 104 பேரிடம் கனடாவில் நடந்த சோதனை 2017இல் முடிவைச் சொன்னது: இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை.

அதே ஆண்டில் இத்தாலியில் 130 பேரிடம் நடந்த சோதனையும் அதே முடிவைத் தந்தது. அச்சோதனையை முன்னின்று நடத்தியவர் வேறு யாருமல்லர், சம்போனியே. தம் பெயரால் உலகறிந்த சிகிச்சை பயனற்றது என்னும் ஆய்வு முடிவைத் தம் பெயரிலேயே அவர் வெளியிட்டார். அவரை ஏமாற்றுக்காரர் என்பது அநீதி. அன்பினால் தொடங்கினார், ஆனால் அன்பு மட்டும் ஒரு சிகிச்சையை உண்மையாக்கிவிடாது. நம்மிடம் மருந்தைக் கொண்டுவருபவர் நல்லவர் என்பதும் அம்மருந்து நல்லது என்பதும் வேறு வேறு. உறவினர் கொண்டுவந்த ஜரிகையையும் சுரண்டிப் பார்க்கும் நெசவாளர் இதைச் சொல்லாமலே அறிந்தவர்.

நம் நாட்டின் நிலை

இன்று நம்மிடையே பெருகியுள்ள வாக்குறுதிகளுள் முதன்மையானது ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுச் சிகிச்சை. பக்கவாதம், தசைநோய், நரம்புநோய் அனைத்துக்கும் இதுவே தீர்வு என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இலும் 2017இலும் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் தெளிவாக உள்ளன: இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றைத் தவிர, ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே குருத்தணுவை நோயாளிக்குச் செலுத்துவது நெறிக்குப் புறம்பானது. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்காகக் கட்டணம் கேட்பதும் முறையன்று. கடுமையான தண்டுவட மரப்பு நோயாளிகள் சிலருக்கு, அவர்தம் இரத்தக் குருத்தணுக்களையே எடுத்துவைத்து, வலிய மருந்துகளால் பழைய காவற்படையை ஒடுக்கியபின் மீண்டும் செலுத்தும் முறை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அது ஆபத்தும் நன்மையும் அளந்தறியப்பட்ட வேறு சிகிச்சை. விளம்பரக்காரர் அதன் பெயரைக் கடன்வாங்கித் தம் சரக்கின்மீது ஒட்டுகின்றனர் என்பதை நாம் உணர வேண்டும்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம், குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே குற்றமாக்குகிறது. மூளை நோய்கள், நரம்பு மண்டல நோய்கள், பக்கவாதம் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. ஆயினும் சுவரொட்டியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசிக் காணொளியிலும் இவ்விளம்பரங்கள் ஓயவில்லை. 2024இல் பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி எழுப்பியதும், நிறுவனத்தார் மன்னிப்புக் கோரியதும் நாடறிந்த செய்தி. எழுபது ஆண்டுப் பழமையான சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கேட்கும் மக்களும் இருக்க வேண்டும்.

நம் மண்ணின் சித்த மருத்துவத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. முறையாகப் பயின்று பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நம்மிடையே உள்ளனர். நாம் சொல்வது, எம்முறையினதாயினும் மருந்து சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதே. பெயர் தெரியாத பொடிகளில் ஈயமும் பாதரசமும் மிகுந்திருந்ததும், ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததும் ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டதுண்டு. ஸ்டீராய்டு கலந்த பொடி சில நாள் தெம்பளிக்கும். அதையே நோயாளி குணம் என்று எண்ணிவிடுவார்.

திருச்சபையின் உரைகல்

இங்கே விசுவாசிகள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. "நாம் புதுமைகளை நம்பும் மக்கள் அல்லவா? தேசூருக்கு அருகிலுள்ள சேத்துப்பட்டில், பிரெஞ்சு மறைபணியாளர் தாராஸ் அடிகளார் எழுப்பிய லூர்து அன்னையின் ஆலயத்தில் நோயாளிக்காக மன்றாடுகிறோமே! சோதித்துப் பார்ப்பது விசுவாசத்துக்கு ஒவ்வுமா?"

விடையை லூர்து நகரே தருகிறது. 1858இல் அன்னை காட்சி தந்த அத்தலத்தில், 1883லேயே மருத்துவ அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது. குணமடைந்ததாகச் சொல்வோரை மருத்துவர்கள் ஆராய்வதே அதன் பணி. எம்மதத்தைச் சார்ந்த மருத்துவரும், மதநம்பிக்கை இல்லாதவரும்கூட, அங்கு ஆய்வில் கலந்துகொள்ளலாம். இதுவரை 7000க்கும் மேற்பட்ட குணமாதல்கள் அங்கே பதிவாகியுள்ளன. ஆயர்களால் புதுமையென ஏற்கப்பட்டவையோ ஏறத்தாழ எழுபது மட்டுமே.

ஏன் இத்தனை கடுமை? அதற்கான உரைகல்லை வகுத்தவர், பின்னர் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் லாம்பர்த்தினி. 1734க்கும் 1738க்கும் இடையில் அவர் வெளியிட்ட பெருநூல், குணமாதல் ஒன்றைப் புதுமை என்று ஏற்கும்முன் கேட்க வேண்டியவற்றை வரையறுத்தது. நோய் கடுமையானதா? தானே தணியும் கட்டத்தில் இருந்ததா? மருந்து ஏதும் கொடுக்கப்பட்டு அது பயனளித்திருக்கக் கூடுமா? குணம் திடீரென வந்ததா? முழுமையானதா? நோய் மீண்டும் வராமல் நிலைத்ததா? டெஸ்டேயின் கண்ணில் யாரேனும் தைலம் இட்டிருந்தால் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவையே. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி கேட்கும் கேள்வியும், பலிபீடத்தருகே திருச்சபை கேட்கும் கேள்வியும் இங்கே ஒன்றாகின்றன.

தண்டுவட மரப்பு நோயிலிருந்து குணமானோரும் லூர்து பட்டியலில் உள்ளனர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பெனடிக்டின் சபைத் துறவி லெயோ ஷ்வாகர் 1952 ஏப்ரல் 30 அன்று குணமடைந்தார். திருச்சபை அதை ஏற்றது 1960இல். பிரான்சைச் சேர்ந்த ழான்-பியேர் பெலி 1987இல் குணமடைந்தார். ஏற்பு வந்தது 1999இல். முன்னவருக்கு எட்டு ஆண்டுகள். பின்னவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். தணிந்து மீளும் இயல்புடைய நோய் என்பதால், அது திரும்பவில்லை என்று தெளியும்வரை காத்திருப்பது தேவையாயிற்று. கடவுளின் செயலென்றே கருதத்தக்கதைக்கூட இத்தனை ஆண்டுகள் உரைத்துப் பார்க்கும் திருச்சபையின் பிள்ளைகள், ஊர்பேர் தெரியாத ஒருவரின் விளம்பரத்தை ஒரே மாலையில் நம்பிவிடுவது எவ்வாறு பொருந்தும்?

புனிதர் பட்டத்துக்கான புதுமைகளை ஆராயும் வத்திக்கான் மருத்துவக் குழுவுக்கு 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில் வந்த ஒழுங்குமுறை, எழுவரில் ஐவரேனும் இசைந்தாலன்றி வழக்கு முன்செல்லாது என்று விதித்தது. குணமளிக்கும் செபங்கள் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவுரை, செபம் மருத்துவ வழிகளை விலக்குவதில்லை, மாறாக அவற்றை நாட ஊக்குவிக்கிறது என்று தெளிவுறுத்தியது. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மதிக்கவும், மண்ணிலிருந்து ஆண்டவர் படைத்த மருந்துகளைப் புறக்கணியாதிருக்கவும் கற்பிக்கிறது. அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு திருத்தூதர் பவுல் தெசலோனிக்க மக்களுக்கு எழுதியதையும் நாம் அறிவோம். ஆகவே உரைத்துப் பார்ப்பது விசுவாசத்தின் எதிரியன்று, அதன் ஒழுக்கமாகும்.

மெய்யான நம்பிக்கை

பொய்யை விலக்கினால் நம்பிக்கைக்கு இடமேது என்று நோயாளி கேட்கலாம். இடம் உண்டு, முன்னெப்போதையும்விட மிகுதியாகவே உண்டு. 1993இல் 372 நோயாளிகளிடம் நடந்த சோதனை, இன்டர்ஃபெரான் பீட்டா என்னும் ஊசிமருந்து நோயின் தாக்குதல்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டியது. அன்று தொடங்கி, நோயின் போக்கைத் தடுக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் இந்நோய்க்கான மூன்று மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் ரிட்டுக்சிமாப் மற்றவற்றைவிடக் குறைந்த செலவில் கிடைப்பது. இவை எவையும் நோயை வேரோடு அழிப்பதில்லை; அவ்வாறு அவை சொல்லிக்கொள்வதுமில்லை. அளந்து சொல்லும் அச்சொல்லே அவற்றின் நற்சான்று.

இம்மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் நிறுத்துவது பேராபத்து. சில மருந்துகளைத் திடீரென விட்டால் நோய் முன்னிலும் மூர்க்கமாய்த் திரும்பும். "அந்த மருந்தை நிறுத்தினால்தான் எங்கள் மருந்து வேலை செய்யும்" என்று ஒருவர் சொன்னால், அச்சொல் ஒன்றே அவரை விட்டு விலகப் போதுமான காரணம்.

ஆரணியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். நம் மறைமாவட்ட மக்களுக்குக் கைக்கெட்டும் தொலைவில் அறிவு காத்திருக்கிறது. 1985இல் தொடங்கிய இந்தியத் தண்டுவட மரப்பு நோய்ச் சங்கம் நோயாளிகளை ஒருங்கிணைக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே தன் பட்டியலில் ஏற்றுள்ளது. அடையாள அட்டை பெறுவது இரக்கத்தை யாசிப்பதன்று, உரிமையைப் பெறுவது.

மெய்யான மருந்துக்குக் காத்திருப்பது வீண்போவதில்லை என்பதற்குச் சேத்துப்பட்டே சான்று. அங்கே புனித தோமா மருத்துவமனை தொழுநோயாளருக்குப் பணியாற்றியது. எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை எண்ணெய்களும் மந்திரங்களும் அந்நோயாளருக்கு விற்கப்பட்டன! சோதித்துத் தேர்ந்த கூட்டுமருந்துச் சிகிச்சையை 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தபின், கோடிக்கணக்கானோர் குணமடைந்தனர். விளம்பரத்தால் வராத அக்குணம் பொறுமையான ஆய்வினால் வந்தது.

பங்கின் பொறுப்பு

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றி மாற்கு நற்செய்தியாளர் எழுதுகையில், மருத்துவர் பலரிடம் அலைந்து, உள்ளதெல்லாம் செலவழித்தும் அவர் நிலை மோசமாயிற்று என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். அப்பெண்ணை ஆண்டவர் ஏன் அலைந்தாய், ஏன் செலவழித்தாய் என்று கடிந்துகொள்ளவில்லை. கூட்டத்தின் நடுவே அவரைத் தேடி, "மகளே" என்று அழைத்தார். பொய்ச் சிகிச்சையில் பொருளிழந்து திரும்பும் நம் சகோதர சகோதரிகளை நாம் நடத்த வேண்டிய முறை அதுவே. ஏமாந்தவர் அறிவிலி அல்லர். துன்பத்தின் ஆழத்தில் கிடைத்த கயிற்றைப் பற்றியவர். கயிற்றை விற்றவரிடமே கேள்வி கேட்கப்பட வேண்டும்.

நோயுற்றோரைச் சந்திக்கும்போது நாமே அறியாமல் தீங்கு செய்கிறோம். "அங்கே ஒருவர் இருக்கிறார், உடனே குணமாகுமாம்" என்று ஆளுக்கொரு முகவரியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரு வாரம் சமைத்துத் தர, மருத்துவமனைக்கு உடன்செல்ல, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, தறியில் நிற்கும் பாவை நெய்து முடித்துக் கொடுக்க நாம் முன்வருவதில்லை. முகவரி கொடுப்பது எளிது. தோள் கொடுப்பது கடினம். தனிமையே பொய் மருந்தின் முதல் வாடிக்கையாளர் என்பதை நாம் மறக்கலாகாது. துணையிருப்போர் பலர் உள்ள வீட்டில், விலைக்கு வாங்கும் நம்பிக்கைக்குத் தேவை குறைகிறது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளை, ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னையின் திருநாளில் கொண்டாடுகிறோம். அந்நாளில் நோயில்பூசுதல் வழங்கும் பங்குகள், நரம்பியல் மருத்துவர் ஒருவரையோ மருத்துவச் சமூகப் பணியாளர் ஒருவரையோ அழைத்து இறைமக்களின் ஐயங்களைக் கேட்கச் செய்தால் நலம். "இச்சிகிச்சை யாரிடம், எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது? தீங்கு என்ன? பயன் இல்லையெனில் எப்போது நிறுத்துவீர்கள்?" இம்மூன்று கேள்விகளைக் கேட்க ஒவ்வொரு குடும்பமும் கற்றுக்கொண்டால், எத்தனையோ தறிகள் விற்பனைக்கு வராமல் நிலைக்கும்.

நோய் தீரவில்லை என்பதால் வாழ்வு நின்றுவிடுவதில்லை. லிட்வினா குணமடையவில்லை, ஆயினும் படுக்கையில் கிடந்தவாறே தமக்குக் கிடைத்ததை ஏழைகளுக்குப் பகிர்ந்தார். அவரிடம் உண்மையைச் சொன்ன மருத்துவரும், அவரை விட்டகலாத மக்களும் அவ்வாழ்வுக்குத் துணைநின்றனர். நம் நோயாளருக்கு நாம் கொடுக்கக் கடமைப்பட்டவை இவ்விரண்டே: பொய்யற்ற சொல், விட்டகலாத உடனிருப்பு.